கல்லுக் கண்ணாடி

கண்ணாடிக்காரருக்குத் தன் மகள் மேல் பதினான்கு வருடமாக ஒரு மனத்தாங்கல் இருந்தது. அவள் எட்டு வயதில் செய்த காரியம் அது. பிள்ளை செய்ததைப் போய் மனதில் வைத்துக்கொள்வதா என்று பெண்டாட்டி கேட்டுப் பார்த்தாள். அவருக்கு ஏறவில்லை.

பள்ளிக்கூட ஆண்டு விழாவன்று நடந்தது அது. 'நான் பெரியவளானதும்' என்று தலைப்புக் கொடுத்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை மேடையில் ஏற்றியிருந்தார்கள். ஒன்று டாக்டர் ஆவேன் என்றது. ஒன்று விமானம் ஓட்டுவேன் என்றது. இவர் பெற்றது மைக்குக்கு எட்டாமல் ஒரு மரப்பெட்டி மேல் ஏறி நின்று, நோட்டைப் பிரித்து வாசித்தது.

"எங்க அப்பா ஜன்னலுக்குக் கண்ணாடி போடுவார். சண்டை வந்தா அவருக்கு நிறைய வேலை வரும். சண்டை வரலேன்னா கடையில சும்மா உக்காந்து ரோட்டைப் பார்ப்பார். நான் பெரியவளானதும் யாரும் கல்லு எறியமாட்டாங்க. அப்போ எங்க அப்பாவுக்கு வேலையே இருக்காது."

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. நடுவில் வழி விட்டு, தண்டவாளத்துக்கு இந்தப் பக்கத்து ஆட்கள் இடது பக்கமும் அந்தப் பக்கத்து ஆட்கள் வலது பக்கமுமாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். எப்போதும் அப்படித்தான். இரண்டு பக்கமும் ஒரே விஷயத்துக்குச் சேர்ந்து சிரித்ததை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது. இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரர் தானும் சிரித்து வைக்கலாம் என்று பார்த்தார். வாய் கோணிக்கொண்டதே தவிர சிரிப்பு வரவில்லை.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தது. டயர் கடை வைத்திருந்த அவருடைய மச்சினன் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, "என்ன மச்சான், இந்த மாசம் கல்லு வரத்துக் குறைவா? சொல்லுங்க, நாலு பசங்களை அனுப்பறேன்" என்பான். ரொட்டிக் கடைக்காரர், முடி வெட்டுகிறவர், ஒருவர் பாக்கியில்லை. கண்ணாடிக்காரர் மகளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றே நாலு வார்த்தை திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும். உள்ளேயே போட்டு வைத்துக்கொண்டார். அவள் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அவ்வளவு வலித்திருக்காது.

ஊரை நடுவில் கிழித்துக்கொண்டு போகிறது தண்டவாளம். தண்டவாளம் இருந்தால் அதன் அடியில் ஜல்லி இருக்கும். கை நிறைய அள்ளலாம், யாரும் கேட்கமாட்டார்கள். சண்டை எதனால் வந்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கிழவர்கள் ஒரு குழாயடியைக் காட்டுவார்கள், அந்தக் குழாய் இப்போது இல்லை. வருடத்துக்கு மூன்று நான்கு தடவை கல் பறக்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஒரு ஆள் போவான். போனவன் வீட்டுக்காரர்கள் அடுத்த தடவைக்குக் காத்திருப்பார்கள்.

கண்ணாடிக்காரரின் கடை தெரு முனையில் இருந்தது. சுவரோரம் மரத் தாங்கியில் பழைய கம்பளித் துண்டு வைத்து, அதன் மேல் கண்ணாடிகளைச் சாய்த்து நிறுத்தியிருப்பார். நடுவில் போர்வை விரித்த மேஜை. வைரக் கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டு ஒரே இழுப்பு. இரண்டாவது தடவை இழுப்பவனுக்குத் தொழில் தெரியாது என்று அர்த்தம். பிறகு கோட்டுக்கு அடியில் ஒரு குச்சியை வைத்து இரண்டு கையாலும் மெல்ல அழுத்தினால் 'டிக்' என்று பிரியும். சட்டத்தின் அளவைவிட ஒரு நூல் குறைத்துத்தான் அறுக்க வேண்டும். ஒரு நூல் என்றால் ஒரு அரிசி கனம். அந்த இடம் இல்லாவிட்டால் வெயிலில் கண்ணாடி விரிந்து, போக வழியில்லாமல் தானாகவே வெடித்துவிடும். முப்பது வருடத்தில் அவர் போட்ட கண்ணாடி ஒன்றுகூட அப்படி வெடித்ததில்லை. கல்லில்தான் உடைந்திருக்கிறது. பெருமைப்பட்டுக்கொள்ள அவருக்கு இருந்தது அந்த ஒன்றுதான்.

தண்டவாளத்தைப் பார்த்த ஜன்னல்களுக்கு என்றே தனியாக ஒரு ரகம் வைத்திருந்தார். மூன்று எம்.எம். கனத்தில், இருப்பதிலேயே மட்டமான கண்ணாடி. கடையில் அதற்குப் பெயர் கல்லுக் கண்ணாடி. "அந்தப் பக்கத்து ஜன்னலுக்குக் கல்லுக் கண்ணாடியே போடுங்க" என்று வாடிக்கைக்காரர்களே சொல்வார்கள். உடையப்போவதற்கு எதற்கு நல்லது? இரண்டு பக்கத்துக்கும் அவர்தான் போட்டார், இரண்டு பக்கமும் இதையே கேட்டது. இந்த ஒரு விஷயத்தில் ஊருக்குள் சண்டையே இல்லை.

மகள் வளர்ந்தாள். தெரு அவளுக்கு 'பஞ்சாயத்து' என்று பெயர் வைத்தது. நாய்க்கும் பூனைக்கும் நடுவில்கூடப் போய் நிற்பாள் என்று கேலி. பள்ளிப் படிப்பு முடிந்ததும் சுகாதார நிலையத்தில் சீட்டு எழுதுகிற வேலைக்குப் போனாள். அங்கே இரண்டு பக்கத்து உடைந்த மண்டைகளும் ஒரே பெஞ்சில்தான் வரிசையாக உட்கார்ந்திருக்கும்.

"உடைஞ்சதுக்கு அப்புறம் பக்கத்துல பக்கத்துல உக்காந்துக்கறாங்கப்பா. உடையறதுக்கு முன்னாடி உக்காந்தா என்னவாம்?" என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள்.

"நீ சோத்தைப் பார்த்துச் சாப்பிடு" என்றார் அவர்.

அவள் விடுகிற ஜாதி இல்லை. ரயில் கேட்டைத் திறந்து மூட முன்பு ஆள் இருந்தபோது அந்த ஆளுக்குத் தண்டவாளத்தின் ஓரத்திலேயே ஒரு அறை கட்டிக் கொடுத்திருந்தார்கள். மெஷின் வந்தது, ஆள் போனான், அறை பூட்டிக் கிடந்தது. இவள் எட்டு மாதம் ஆபீஸ் ஆபீஸாக மனு எழுதி அந்தச் சாவியை வாங்கிக்கொண்டு வந்தாள். விடுமுறை நாட்களில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் வந்து படிக்க, விளையாட. எதிரும் புதிருமாக இரண்டு ஜன்னல், பக்கத்துக்கு ஒன்று. இரண்டிலும் கண்ணாடி இல்லை.

"கம்பி வலை அடிச்சித் தரேன். அதுதான் நிக்கும்" என்றார் கண்ணாடிக்காரர்.

"வலை போட்டா கோழிக்கூண்டு மாதிரி இருக்கும்பா. அம்மாங்க வெளிய நின்னு உள்ள பார்க்கணும். தன் பிள்ளை யாரோட உக்காந்திருக்குன்னு பார்க்கணும். பார்த்துப் பார்த்துப் பழகிடணும்."

"பழகி?"

"பேர் தெரிஞ்சவன் மேல கல்லு எறியறது கஷ்டம். நான் நினைக்கிறது அவ்வளவுதான். பெருசா ஒண்ணும் இல்லை."

"பேர் தெரிஞ்சவனைத்தான் நம்ம ஊர்ல பேர் சொல்லிக் கூப்பிட்டு எறியறான்" என்றார் அவர். பெண்டாட்டி அடுப்படியில் சிரித்துவிட்டாள். மகளும் சிரித்தாள். ஆனால் விடவில்லை.

"டஃபன் கண்ணாடி போட்டுத் தாங்கப்பா."

டஃபன் என்பது அறுத்த பிறகு சூளைக்கு அனுப்பிச் சூடேற்றி இறுக்குவது. எளிதில் உடையாது. உடைந்தாலும் கல் உப்பு மாதிரி உதிர்ந்துபோகும், கத்தி கத்தியாக நிற்காது. சூளை இருந்தது வேறு ஊரில். போய் வரப் பத்து நாள் ஆகும்.

சரி என்று சொல்லிவிட்டு, நாலாம் நாள் காலையில் இரண்டு ஜன்னலுக்கும் கண்ணாடி வைத்து, சுற்றிலும் பிடிப்புக்குப் பீடிங் கட்டை அடித்துவிட்டு வந்தார்.

"பத்து நாள் ஆகும்னீங்களே?" என்றாள்.

"தெரிஞ்ச ஆளு. சீக்கிரம் போட்டுக் குடுத்தான்."

அவர் வைத்தது கல்லுக் கண்ணாடி. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. முப்பது வருடமாகக் கை போன வழியில் கை போனது. தண்டவாளத்தைப் பார்த்த ஜன்னல், ஒரு மாதம் தாங்காது, இதற்குப் போய் டஃபனா? உடைந்ததும் இவளுக்கும் புத்தி வரும், அப்புறம் வலை அடித்துக்கொள்ளலாம். அடியில் வேறொன்றும் கிடந்தது. மேடையில் நின்று சிரிக்க வைத்தாளே, அவள் சொன்னது நடக்காது என்று அவளே ஒரு தடவை பார்க்கட்டும் என்று. அதை அவர் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

முதல் வாரம் இந்தப் பக்கத்திலிருந்து ஏழு பிள்ளைகள், அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு. மூன்றாம் வாரம் அறை கொள்ளவில்லை. ஜன்னலுக்கு வெளியே அம்மாக்கள் நின்றார்கள். எட்டிப் பார்த்தால் எதிர் ஜன்னலில் எதிர்ப்பக்கத்து அம்மாக்களின் முகம் தெரிந்தது. முறைத்தார்கள். நாலு தடவை முறைத்த பிறகு முறைப்பதற்கும் சலித்துப்போய், "உங்க பையனுக்குச் சளி பிடிச்சிருக்கு போல" என்று ஒருத்தி இங்கிருந்து சொன்னதாகத் தெருவெல்லாம் பேச்சு.

"என்ன மச்சான், உங்க பொண்ணு நிஜமாவே உங்க கடையை மூட வச்சிடுவா போல" என்றான் மச்சினன். அவனுக்கு அந்த அறை பிடிக்கவில்லை. அவனுடைய கூட்டாளி ஒருவனை அந்தப் பக்கத்தில் முடித்திருந்தார்கள். அந்தக் கணக்கு நேராகவில்லை என்று சொல்லிக்கொண்டே திரிந்தான்.

கண்ணாடிக்காரர் தினமும் காலையில் கடை திறக்கப் போகும்போது அந்த அறையைச் சுற்றிக்கொண்டு போனார். நாலாவது வாரமும் கண்ணாடி இருந்தது. ஆறாவது வாரமும் இருந்தது. ஏழாவது வாரம் டேப்பை எடுத்துக்கொண்டு போய், யாரும் இல்லாதபோது இரண்டு ஜன்னலையும் அளந்தார். கடைச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் அளவை எழுதி வைத்தார். சூளைக்கு அனுப்ப வேண்டும். அந்த வாரம் ஒரு அலமாரி வேலை இருந்தது, அடுத்த வாரம் அனுப்பலாம் என்று விட்டார்.

விடுமுறை நாள், காலை ஒன்பது மணி. பிள்ளைகள் பத்து மணிக்கு வருவார்கள். அதற்கு முன்னால் ஜன்னல் துடைக்க என்று மகள் போயிருந்தாள். கண்ணாடிக்காரர் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடிக்கு விளிம்பு தேய்த்துக்கொண்டிருந்தார். பழைய பேப்பர் கடைக்கார அம்மா செருப்பில்லாமல் ஓடி வந்து வாசலில் நின்றாள். கையை மட்டும் தண்டவாளத்துப் பக்கம் நீட்டினாள்.

அந்தப் பக்கத்து ஜன்னல் போயிருந்தது. மகள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். துடைக்கிற துணியைச் சுருட்டித் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் அழுத்திப் பிடித்திருந்தாள். துணி என்ன நிறம் என்று தெரியவில்லை. கீழே துண்டுகள் கிடந்தன, முழம் முழமாக, கத்தி கத்தியாக. கண்ணாடி வெட்டு எது ஆழம், எது மேலோட்டம் என்று அவருக்குப் பார்த்தாலே தெரியும். பார்த்தார். சட்டையைக் கழற்றிக் கட்டினார். கால்சட்டையெல்லாம் ஈரமாகிவிட்டது.

பேப்பர் கடையின் லோடு ஆட்டோவில், கட்டுக் கட்டாகப் பழைய செய்தித்தாள்களுக்கு மேல் அவளைப் படுக்க வைத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மா முன்னால் இருந்து ஓட்டினாள்.

"அப்பா, இது சாதாக் கண்ணாடிதானே?" என்றாள் மகள்.

கண்ணாடிக்காரன் வீட்டில் பிறந்தவளிடம் என்ன மறைப்பது?

"ஆமா."

"எத்தனை எம்.எம்.?"

"மூணு."

"கல்லுக் கண்ணாடி" என்றாள். உதடு சிரிக்கிற மாதிரி போனது. "டஃபன்னு சொன்னீங்க."

"ஒரு மாசம் தாங்காதுன்னு நினைச்சேன்."

"ஏழு வாரம் தாங்கிச்சேப்பா."

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

"என் பையில ஒரு கல்லு இருக்கு. எடுத்துக்கங்க."

பையைத் துழாவினார். நோட்டு, சீப்பு, அதற்கு அடியில் ஒரு ஜல்லிக் கல், கோழிமுட்டை அளவு. ரத்தம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது யாரையும் கூப்பிடுவதற்கு முன்னால் அறைக்குள் தவழ்ந்து போய் இதை எடுத்து ஒளித்திருக்கிறாள். அவருக்கு அறைய வேண்டும் போல ஆத்திரம் வந்தது.

"இதுக்கா கையை எடுத்தே? கழுத்தை அழுத்திப் பிடிக்காம இதைத் தேடிட்டு இருந்தியா?"

"மாமா வருவாரு. வந்ததும் எந்தப் பக்கம்னு கேப்பாரு."

"கேக்கட்டும். எறிஞ்சவனைப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"யாரு?"

அவள் வண்டியின் கூரையைப் பார்த்தாள். இரண்டாவது தடவை கேட்டார். அதற்கும் கூரையைத்தான் பார்த்தாள்.

"கல்லே வரலப்பா. கேளுங்க. நீங்க இடம் விடாம அறுத்துட்டீங்க. வெயில் பட்டு வெடிச்சிருந்துது. நான் அழுத்தித் துடைச்சேன், மேல விழுந்துடுச்சு. இதைத்தான் சொல்லணும்."

"எவன் நம்புவான்? முப்பது வருஷமா கண்ணாடி போடறவன் இடம் விடாம அறுத்தான்னு சொன்னா?"

"நீங்க சொன்னா நம்புவாங்க. தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கறவன் பொய்யா சொல்லுவான்னு நினைப்பாங்க." மூச்சு வாங்கியது. "சொல்லலேன்னா இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள நாலு வீடு எரியும். அந்த ரூமுக்கு வர்ற பிள்ளைங்க வீடுதான் எல்லாம்."

"நீயே வந்து சொல்லு. ஆஸ்பத்திரி வந்தாச்சு. தையல் போட்டுட்டா சரியாயிடும்."

"சரி, நானும் சொல்றேன். நான் சொல்ல முடியலேன்னா நீங்க சொல்லுங்க." அப்புறம், "உங்க வேலை போயிடும்பா" என்றாள்.

அவர் வெளியே பார்த்தார்.

பதினொன்றரைக்கு டாக்டர் வெளியே வந்தார். கையுறையைக் கழற்றியபடி வந்தவர், அதைப் பாதியிலேயே நிறுத்திவிட்டு நின்றார். அவர் சொன்னது கண்ணாடிக்காரர் காதில் விழவில்லை. பெண்டாட்டி பெஞ்சிலிருந்து தரைக்கு நழுவியதுதான் தெரிந்தது.

முற்றத்தில் முப்பது நாற்பது பேர் கூடியிருந்தார்கள். மச்சினன் முன்னால் நின்றான். டயர் கழற்றுகிற கடப்பாரை கையில். அவன் தூக்கி வளர்த்த பெண். அழுது கண் சிவந்திருந்தது. அந்த அழுகை பொய்யில்லை. பின்னால் இருந்தவர்கள் கையில் என்னென்னவோ இருந்தது. கேட்டுக்கு வெளியே தெருவின் எதிர் ஓரத்தில் அந்தப் பக்கத்து ஆட்கள் கொஞ்சம் பேர் நின்றார்கள். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. அவர்களோடு இரண்டு அம்மாக்களும் நின்றார்கள்.

"அந்தப் பக்கத்து ஜன்னல்னு சொல்றாங்க" என்றான் மச்சினன். "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க மச்சான். கல்லு அங்கேருந்துதானே வந்துது? ஆமான்னு மட்டும் சொல்லுங்க. மத்ததை நாங்க பார்த்துக்கறோம்."

கண்ணாடிக்காரர் படியில் நின்றார். மேலே சட்டை இல்லை, யாரோ ஒரு துண்டு போர்த்தியிருந்தார்கள். கால்சட்டைப் பையில் கல் இருந்தது. தொடையில் குத்திக்கொண்டே இருந்தது. ஆமா என்று சொல்ல அவருக்கு ஆசையாக இருந்தது. வாழ்நாளில் அவ்வளவு ஆசையாக எதையும் சொல்ல நினைத்ததில்லை. யார் என்று அவள் சொல்லவில்லை, யாராயிருந்தால் என்ன, எல்லாரும் எரியட்டும்.

பெண்டாட்டி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லுங்க" என்றாள்.

"கல்லு வரல, மாப்ள."

"என்னது?"

"கல்லெல்லாம் ஒண்ணும் வரல. நான் போட்ட கண்ணாடிதான். வெயில்ல வெடிச்சிருக்கு. அவ துடைக்கப் போயிருக்கா. அழுத்தினதும் மேல விழுந்துடுச்சு."

கூட்டத்தில் யாரோ, "முப்பது வருஷமா போடறாரு" என்று முணுமுணுத்தார்கள்.

"டஃபன் கேட்டா. பத்து நாள் ஆகும்னு சாதாக் கண்ணாடி வச்சேன். டஃபன்னு பொய் சொன்னேன்." அதைச் சொல்லச் சொல்லி அவள் கேட்கவில்லை. தானாக வந்தது.

மச்சினன் கடப்பாரையைக் கீழே ஊன்றினான். வெறித்துப் பார்த்தான். "நீங்களா மச்சான்?" என்றான்.

பெண்டாட்டியின் கை அவர் கையை விட்டது. முதலில் ஒரு விரல், அப்புறம் மொத்தமாக. அவர் திரும்பவில்லை. திரும்பினால் பையில் இருப்பதை எடுத்து அவளிடம் மட்டுமாவது காட்டிவிடுவார். கேட்டுக்கு வெளியே நிற்கிறவர்களுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார். கடையில் அளவு சொல்கிற அதே குரல். இரண்டு விரலை ஒட்டினாற்போல் வைத்து, ஒரு அரிசி கனத்துக்குப் பிரித்துத் தூக்கிக் காட்டினார்.

"இவ்வளவு இடம் விடணும். எல்லாச் சட்டத்துக்கும் விடணும். நான் விடல."